லவால் முதியோர் இல்ல மரணங்கள்: அரச நிர்வாகம் மட்டும் போதுமா?

கனடாவின் மொண்ட்ரியால் நகருக்கு வடக்கே, ஆற்றுக்கு அப்பால் உள்ள லவாலில் செந்த்-டொரோத்தே என்ற அரச முதியோர் பராமரிப்பு இல்லம் உள்ளது. 2020ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், கோவிட்-19 தொற்றின் முதல் அலையின்போது அங்கு சுமார் 100 பேர் உயிரிழந்தனர். கியூபெக் மாகாணத்தில் மிக அதிக மரணங்கள் நிகழ்ந்த இல்லங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் உலகின் கவனத்தை ஈர்த்தது வேறொரு இல்லம். மொண்ட்ரியாலின் மேற்கே டோர்வாலில் இயங்கிய ஹெரான் இல்லத்திற்கு 2020 மார்ச் மாத இறுதியில் சென்ற சுகாதாரத் துறையினர், ஊழியர்களில் பெரும்பாலானோர் அங்கு இல்லாததையும், முதியவர்கள் உணவும் நீரும் இன்றிக் கிடப்பதையும் கண்டனர். அங்கு 47 பேர் உயிரிழந்தனர். மாதந்தோறும் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வசூலித்த தனியார் நிறுவனம் என்பதால் மக்களின் கோபம் இயல்பாகவே அதன் பக்கம் திரும்பியது. குடும்பத்தினர் தொடுத்த கூட்டு வழக்கு 2021ஆம் ஆண்டில் 55 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் முடிவுக்கு வந்தது.

இலாப நோக்கமே காரணம் என்ற விளக்கம் ஹெரானுக்குப் பொருந்தலாம். லவாலுக்கு அது பொருந்தாது. செந்த்-டொரோத்தேயை நடத்தியது மாகாணத்தின் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு. அங்கு மடிந்தவர்களின் எண்ணிக்கையோ ஹெரானை விட இரு மடங்கு.

குருட்டுப் புள்ளி

மரண விசாரணை அதிகாரி ஜெஹான் கமெல், இவ்விரண்டு இல்லங்கள் உட்பட ஏழு இல்லங்களில் நிகழ்ந்த மரணங்கள் குறித்துப் பகிரங்க விசாரணை நடத்தி, 2022ஆம் ஆண்டு மே மாதம் தமது அறிக்கையை வெளியிட்டார். அதற்கு முன்னர், 2021 நவம்பரில், மாகாணத்தின் மக்கள் குறைதீர் அதிகாரி மரி ரின்ஃப்ரேயும் தமது அறிக்கையை அளித்திருந்தார். தொற்றை எதிர்கொள்ளும் ஆயத்தங்களில் முதியோர் இல்லங்கள் எவர் கண்ணிலும் படாத குருட்டுப் புள்ளியாக இருந்தன என்பதே அவரது முடிவு.

இத்தாலியின் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த காட்சிகளைக் கண்ட கியூபெக் அரசு, தனது மருத்துவமனைகளைக் காப்பதிலேயே முனைப்பாக இருந்தது. படுக்கைகளைக் காலி செய்வதற்காக நோயாளிகள் முதியோர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். முகக் கவசங்களும் மருத்துவமனைகளுக்கே முதலில் சென்றன. ஆள் பற்றாக்குறையால் பணியாளர்கள் ஓர் இல்லத்திலிருந்து மற்றோர் இல்லத்திற்கு மாற்றப்பட, அவர்களோடு கிருமியும் பயணித்தது.

இவற்றோடு மற்றொரு முடிவும் சேர்ந்துகொண்டது. மார்ச் மாத நடுப்பகுதியில் உறவினர்களின் வருகைக்குத் தடை விதிக்கப்பட்டது. பல இல்லங்களில் மதிய உணவை ஊட்டியவர்களும், நீர் அருந்தச் செய்தவர்களும் மகள்களும் துணைவர்களுமே. அந்த ஊதியமற்ற உழைப்பு எந்தக் கணக்கிலும் பதிவாகியிருக்கவில்லை. அது நின்ற பிறகுதான் இல்லங்கள் எதை நம்பி இயங்கின என்பது வெளிப்பட்டது. ஏப்ரலில் கனடிய இராணுவம் லவால் உட்படப் பல இடங்களில் உள்ள இல்லங்களுக்கு உதவிக்கு அனுப்பப்பட்டது. செல்வந்த நாடொன்றில் முதியவர்களுக்கு உணவூட்டப் படையினர் தேவைப்பட்டனர்.

இது கியூபெக்கின் சிக்கல் மட்டுமல்ல. தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவில் உள்ள ஆல்டமொன்ட் இல்லம் உட்பட, ஒன்டாரியோவின் ஐந்து இல்லங்களின் மோசமான நிலை குறித்து இராணுவம் 2020 மே மாதம் அறிக்கை அளித்தது. முதல் அலையில் கனடாவின் கோவிட் மரணங்களில் சுமார் 80 சதவீதம் முதியோர் இல்லங்களில் நிகழ்ந்தவை. வளர்ச்சியடைந்த நாடுகளின் சராசரி அதில் பாதியளவே.

யார் பராமரிப்பது?

2020 கோடையில் கியூபெக் அரசு, ஊதியத்துடன் கூடிய மூன்று மாதப் பயிற்சி அளித்து 10,000 பராமரிப்புப் பணியாளர்களைச் சேர்க்கும் திட்டத்தை அறிவித்தது. ஒவ்வோர் இல்லத்திற்கும் பொறுப்பான மேலாளர் ஒருவரும் நியமிக்கப்பட்டார். இத்தகைய அடிப்படை ஏற்பாடு அதுவரை எல்லா இடங்களிலும் இருக்கவில்லை என்பது வியப்புக்குரியது.

மொண்ட்ரியால் பகுதியில் இப்பணியைச் செய்வோரில் பெரும் பகுதியினர் குடியேறிகள். புகலிடக் கோரிக்கையாளர்களும் அவர்களில் உண்டு. தொற்றுக் காலத்தில் நோயாளிகளை நேரடியாகப் பராமரித்த புகலிடக் கோரிக்கையாளர்களுக்கு நிரந்தர வதிவுரிமை வழங்கும் திட்டம் 2020 டிசம்பரில் தொடங்கி 2021 ஆகஸ்டில் முடிவடைந்தது. சமையலறையிலும் துப்புரவிலும் இருந்தவர்கள் அதில் அடங்கவில்லை. அவர்களும் அதே காற்றையே சுவாசித்தார்கள்.

மொண்ட்ரியாலிலும் லவாலிலும் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இது தொலைவிலுள்ள விவகாரம் அல்ல. 1980களில் இளைஞர்களாக வந்த தலைமுறை இப்போது முதுமையை எட்டியுள்ளது. மறதி நோய் முற்றும்போது பின்னாளில் கற்ற மொழிகளே முதலில் மறையும் என்பது மருத்துவர்கள் அறிந்த ஒன்று. பிரெஞ்சை இழந்து தமிழ் மட்டும் எஞ்சியவர், தாகமாக இருக்கிறது என்பதை யாரிடம் சொல்வார்? அத்தகையோருக்கு உறவினரின் வருகை ஆறுதலாக மட்டும் இருப்பதில்லை, அது பாதுகாப்பு ஏற்பாடாகவும் ஆகிறது.

பரிந்துரைகளும் நடைமுறையும்

தனியார் இல்லங்களை அரச நிதியும் கண்காணிப்பும் கொண்ட முறைக்குள் கொண்டுவர வேண்டும், பொதுச் சுகாதார இயக்குநரின் பதவி அரசியல் தலையீடின்றி இயங்க வேண்டும் என்பன கமெலின் பரிந்துரைகளில் சில. 2024 டிசம்பரில் பொது இல்லங்களின் நிர்வாகம் சாந்தே கியூபெக் என்ற புதிய நிறுவனத்தின் கைக்கு மாறியது. நிர்வாக அமைப்பை மாற்றுவதில் கியூபெக் என்றுமே சளைத்ததில்லை.

ஆனால் அதன் முந்தைய அனுபவம் எச்சரிக்கை தருவது. 2014 ஜனவரியில் லீல்-வெர்த் முதியோர் இல்லத் தீயில் 32 பேர் மாண்டனர். அதன் பின்னர் தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான்கள் கட்டாயமாக்கப்பட்டன. ஆனால் இல்ல உரிமையாளர்கள் செலவைக் காரணம் காட்ட, காலக்கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது.

2022 முதல் அரசு திறந்து வரும் புதிய வகை இல்லங்களில் 12 பேர் கொண்ட சிறு பிரிவுகளும், ஒவ்வொருவருக்கும் தனி அறையும் உள்ளன. தொற்றுப் பரவலைத் தடுக்க இந்த வடிவமைப்பு உதவும். ஆனால் சிறு பிரிவுகளுக்குக் கூடுதல் பணியாளர்கள் தேவை. பணியாளர்கள் போதாமைதான் 2020இல் செந்த்-டொரோத்தேயை நிலைகுலையச் செய்த காரணங்களில் ஒன்று.