சிகிரியாவில் இராவணனைத் தேடுகிறவர்களுக்கு

கோபத்தோடுதான் எழுதுகிறேன். வாசித்துவிட்டுத் துரோகி என்று சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம். 31 வருடம் வரலாறு படிப்பித்தவனுக்கு அது புதிதல்ல.

போன ஞாயிறு பழைய மாணவர்கள் இருவரின் குடும்பங்களோடு சிகிரியாவும் தம்புள்ளையும் போய் வந்தேன். ஒரே நாளில் இரண்டும். முழங்கால் நோவோடு என்னால் சிங்கப் பாதம் வரைதான் ஏற முடிந்தது. போகும் வழி முழுக்க வானுக்குள் ஒரு காணொளி. சிகிரியா இராவணன் கட்டியதாம், உச்சிக்கு லிஃப்ட் இருந்ததாம், புஷ்பக விமானம் இறங்கிய இடமாம். படித்த பிள்ளைகளே "ஓம் சேர், எங்கட ஆள்தானே" என்றார்கள். (சிங்களத்திலும் இதே கதை "அவங்கட ஆள்" என்று ஓடுகிறது. அது தனிக் கூத்து.)

அந்தக் குன்றைக் கோட்டையாக்கியவன் காசியப்பன். தகப்பன் தாதுசேனனைக் கொன்று 477இல் அரசேறி, சகோதரன் முகலனுக்குப் பயந்து அங்கே இருந்தவன். முகலன் தென்னிந்தியாவிலிருந்து படை கொண்டுவந்து அவனை வீழ்த்தியதைச் சூளவம்சம் சொல்கிறது. வால்மீகி சிகிரியாவின் பெயரையே சொல்லவில்லை.

விமானத்தளம் தேடியவர்கள் கண்ணாடிச் சுவரைப் பார்த்தார்களா? அரசன் போய்ப் பல நூற்றாண்டுகளாக, மலை பார்க்க வந்த சனம் ஓவியப் பெண்களைக் கண்டு அதில் கவிதை கீறிவிட்டுப் போயிருக்கிறது. பெண்களும் எழுதியிருக்கிறார்கள். பரணவிதான 685 பாடல்களை வாசித்து 1956இல் பதிப்பித்தார். கீழே பூங்காவில் மழைக்காலத்தில் இன்றைக்கும் நீரூற்று பாய்கிறது. மோட்டர் கிடையாது, நீரின் அழுத்தம் மட்டும்தான். மண் சுமந்து கல் உடைத்த மனிதரிடமிருந்து இதைப் பறித்துப் பத்துத் தலைக்காரனுக்குக் கொடுக்க எங்களுக்கு என்ன உரிமை?

தம்புள்ளையில்தான் எனக்குப் பொறுமை போனது. வெறுங்காலுக்குப் பாறை சுடுகிறது என்று பாதிப் பேர் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டாம் குகையில் புத்தர்களோடு விஷ்ணுவும் நிற்கிறார். மூன்றாம் குகையில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் சிலை. 18ஆம் நூற்றாண்டில் அந்தக் குகையை விகாரையாக்கி, மற்றக் குகைகளின் ஓவியங்களையும் புதுப்பித்தவன். மதுரைப் பக்கமிருந்து வந்த நாயக்கர் குடும்பத்துப் பிள்ளை. "எங்கட ஆள்" தேடி வந்தவர்களில் ஒருவர்கூட அங்கே நிற்கவில்லை. கூப்பிட்டுக் காட்டினேன்.

"அவர் நாயக்கர், தெலுங்கர்தானே சேர்" என்றார் ஒருவர்.

இராவணனிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்காதவர் இந்த மனிதரிடம் மட்டும் கேட்கிறார்!

திரும்பி வரும்போது அவருடைய மகன், ஆறாம் வகுப்பு, என் பக்கத்தில் வந்து இருந்தான்.

"அப்ப லிஃப்ட் இருக்கேல்லையா சேர்?"

"இல்லையடா. எல்லாரும் உன்னை மாதிரி நடந்துதான் ஏறினவை."

கொஞ்ச நேரம் யோசித்தான். "தண்ணி எப்பிடி சேர் மோட்டர் இல்லாமல் மேல வரும்?" என்றான். மாங்குளம் வரும்வரை அதைத்தான் கதைத்துக்கொண்டு வந்தோம்.