சான்றிதழ் வாங்குவது எளிது, மொழி கற்பிப்பது கடமை

பிரிட்டனில் குடியுரிமை பெற்று வாழும் மணமகனுக்கு நம் ஊரில் பெண் பார்த்து நிக்காஹ் முடிந்தவுடன், இரு வீட்டாரும் கேட்கும் முதல் கேள்வி “ஆங்கிலச் சான்றிதழை விரைவாக வாங்குவது எப்படி?” என்பதாகவே இருக்கிறது. அந்தப் பெண் அந்நாட்டில் தன் தேவைகளைத் தானே பேசிக்கொள்ளும் அளவுக்கு மொழியைக் கற்பது எப்படி என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. முதல் கேள்வியோடு நின்றுவிடும் குடும்பம் தன் மருமகளுக்கு அநீதி இழைக்கிறது என்பதே என் கருத்து.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்ப்போம். வாழ்க்கைத்துணை விசா பெற ஏ1 நிலையில் பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். 2010 நவம்பர் முதல் இந்த விதி நடைமுறையில் உள்ளது. இரண்டரை ஆண்டுகள் கழித்து விசாவை நீட்டிக்கும்போது ஏ2 நிலை தேவை. ஐந்தாண்டுகள் நிறைவுற்று நிரந்தர வசிப்புரிமை கோரும்போது பி1 நிலையோடு, பிரிட்டன் வாழ்க்கை பற்றிய பொது அறிவுத் தேர்விலும் தேற வேண்டும். குடியுரிமைக்கும் இவ்விரண்டுமே நிபந்தனைகள். பிரிட்டன் குடிமகனின் மனைவி, வசிப்புரிமை கிடைத்தபின் மற்றவர்களைப் போல மேலும் ஓராண்டு காத்திருக்காமல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மொழித் தேர்வில் வாசிப்பும் எழுத்தும் சோதிக்கப்படுவதில்லை. ஆனால் பொது அறிவுத் தேர்வு கணினித் திரையில் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. 45 நிமிடங்களில் 24 கேள்விகளுள் 18க்குச் சரியாக விடையளிக்க வேண்டும். ஆகவே வாசிக்கத் தெரியாத பெண் முதல் வாசலைக் கடந்தாலும் இரண்டாம் வாசலில் நின்றுவிடுகிறாள்.

இந்நிபந்தனைகள் எப்போதும் இருந்தவை அல்ல. 1981ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், குடிமக்களின் வாழ்க்கைத்துணைவர்களிடம் மொழியறிவைக் கேட்கவில்லை. 2002ஆம் ஆண்டின் சட்டமே அந்த விலக்கை நீக்கியது. வெளிநாட்டிலேயே தேர்வெழுதி வர வேண்டும் என்ற விதி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015இல் நீதிமன்றம் விதியை ஏற்றுக்கொண்டது. ஆயினும் தொலைவாலும் செலவாலும் தேர்வெழுத இயலாதோர்க்கு விலக்களிக்கும் வழிகாட்டுதல்கள் மிகக் குறுகியவை என்று கவலை தெரிவித்தது. 2016 ஜனவரியில் அன்றைய பிரதமர் டேவிட் கேமரூன், ஆங்கிலம் தெரியாத அல்லது மிகக் குறைவாகவே தெரிந்த முஸ்லிம் பெண்கள் 1,90,000 பேர் இருப்பதாகச் சொல்லி, மொழி வகுப்புகளுக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தார். நம் பெண்களை மட்டும் சுட்டிக்காட்டியது பலரைப் புண்படுத்தியது. அந்த வருத்தம் நியாயமானதே. கணவனையும் மனைவியையும் ஒரு தேர்வு பிரித்து வைப்பது கொடுமை என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் அரசின் நோக்கத்தைக் குறை கூறுவது, நம் வீட்டுக்குள் உள்ள குறையை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. சான்றிதழ் கிடைத்ததும் பயிற்சிப் புத்தகம் பரணுக்குப் போகிறது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், வங்கி என எங்கும் கணவரே பேசுகிறார். அவர் வேலைக்குப் போயிருந்தால் எட்டு வயது மகன் பேசுகிறான். தன் உடல்நிலை பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அந்தரங்கத்தை ஒரு தாய் மகனின் வாய்வழியாகச் சொல்வது எவ்வளவு பெரிய அவலம்!

இறைவன் நாடிய வேளையில் கணவர் மறைந்துவிட்டால்? மணவாழ்வு முறிந்துவிட்டால்? அந்நாட்டுச் சட்டத்தில், குடும்ப வன்முறையால் திருமணம் முறிந்த மனைவிக்கு நிரந்தர வசிப்புரிமை கோரத் தனி வழி உண்டு. அதற்கு மொழித் தேர்வும் தேவையில்லை. ஆனால் அந்த வழி இருப்பதை அறியவும், ஒரு தொலைபேசி அழைப்பில் உதவி கேட்கவும் மொழி வேண்டுமே! மொழியற்றவளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் போன்றது.

மார்க்கம் இவ்விஷயத்தில் நமக்குத் தெளிவான வழி காட்டுகிறது. மனிதர்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக ‘அர்ரூம்’ அத்தியாயத்தில் குறிப்பிடுகிறான். நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தைச் சில நாள்களிலேயே கற்றுத் தேர்ந்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. தங்களுக்கெனக் கல்விக்கு ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு பெண்கள் வேண்டியபோது, நபியவர்கள் அதை ஏற்று ஒதுக்கித் தந்தார்கள். பெண்கள் கற்பதற்கு நேரம் ஒதுக்குவது பிறருடைய பொறுப்பும்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பினாங்கில் மலாயும், கொழும்பில் சிங்களமும், இரங்கூனில் பர்மிய மொழியும் பேசி வணிகம் செய்த முன்னோரின் வழிவந்த நாம், அந்நிய மொழியைக் கண்டு அஞ்சுவதும் பொருந்தாது.

ஆகவே இந்தக் கடமை மருமகளுடையது மட்டுமன்று. கணவர் வாரத்தில் சில மணி நேரம் குழந்தைகளைத் தாம் பார்த்துக்கொண்டு மனைவியை வகுப்புக்கு அனுப்பட்டும். மாமியார் அதற்கு முகம் சுளிக்காதிருக்கட்டும். பிரிட்டனின் உள்ளூர்க் கல்லூரிகளிலும் சமூக நிலையங்களிலும் பிறமொழியினருக்கான ஆங்கில வகுப்புகள் நடக்கின்றன. பள்ளிவாசல் நிர்வாகங்களும் பெண்களுக்கென அத்தகைய வகுப்பை நடத்த முன்வரலாம். கடையில் பொருள் கேட்பது, மருத்துவரிடம் நேரம் பெறுவது ஆகியவற்றை மனைவியே செய்யட்டும். கணவர் பக்கத்தில் நின்றால் போதும். தவறாகப் பேசினால் சிரிக்க வேண்டாம். பேசிப் பேசித்தான் பேச்சு வரும்.

நடைமுறையில் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். உள்துறை அமைச்சகம் அங்கீகரித்த தேர்வு மட்டுமே செல்லும். சான்றிதழ் பொதுவாக இரண்டாண்டு செல்லுபடியாகும். எனினும் நிரந்தர வசிப்புரிமைக்கு ஏற்கப்பட்ட பி1 சான்றிதழ், காலம் கடந்திருந்தாலும் குடியுரிமைக்குப் பயன்படும். ஆங்கிலவழியில் பட்டம் பெற்ற பெண், உரிய நிறுவனத்தின் உறுதிச் சான்றோடு மொழித் தேர்விலிருந்து விலக்குப் பெறலாம். 65 வயதைக் கடந்தோருக்கும், உடல்நிலையோ மனநிலையோ இடம் தராதோருக்கும் விலக்கு உண்டு. 2025 மே மாதம் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை மொழி நிபந்தனைகளை மேலும் உயர்த்த முன்மொழிந்திருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியை அரசு இணையதளத்தில் சரிபார்ப்பது அவசியம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. “பணம் கொடுங்கள், சான்றிதழ் வீடு தேடி வரும்” என்போரை நம்பாதீர்கள். 2014இல் இலண்டன் தேர்வு மையங்களில் ஆள்மாறாட்டம் நடந்தது தொலைக்காட்சியில் அம்பலமானதைத் தொடர்ந்து, ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசாக்கள் பறிபோயின. தாம் குற்றமற்றவர் என்று வாதாடியோரும் அவர்களுள் இருந்தனர். மோசடியால் பெற்ற குடியுரிமையை அரசு பின்னாளில் பறிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. உலகில் இத்தனை இழப்பு என்றால், ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கிவிட்டார்களே, அந்த இழப்பை எதைக் கொண்டு ஈடு செய்வது?

பெண்ணைப் பெற்றோர் நம்மிடம் ஒப்படைத்தது ஓர் அமானிதம். அவளைத் தாய்நாட்டிலிருந்து அழைத்துச் செல்பவர், செல்லும் நாட்டில் அவளுக்கு ஒரு குரல் கிடைக்கச் செய்யும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார். அப்பொறுப்பை நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக.