மெய்யசைவும் பொறியிசையும்

கையசைத்தால் பண் பிறக்கும். காலெடுத்து வைத்தால் முழவதிரும். இனி இசை கற்க ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டுவதில்லை என்பார் இன்று பல்கியுள்ளனர். மெய்யசைவை உணரிகள் அளந்துரைக்க, கணிப்பொறி அதனை ஒலியாக்கும் ஏந்து பெருகியதே அவர்தம் கூற்றுக்குக் கரணியம். ஆயின், இக்கலையின் நூறாண்டு வரலாறு அக்கூற்றை மறுத்தே நிற்கின்றது.

உருசிய இயற்பியலறிஞர் இலியோன் தெரமின், 1920ஆம் ஆண்டையொட்டித் தொடாமலே இயக்கும் இசைக்கருவியொன்றைப் படைத்தார். ஈர் அலையியற்றிகளின் அலைவெண் வேறுபாடே அதில் ஒலியாகும். நிமிர்ந்த கம்பியை ஒரு கை நெருங்க ஒலி கூர்மையுறும். வளைந்த கம்பியை மறுகை நெருங்க ஒலி அடங்கும். பற்றுதற்கு நரம்புமில்லை, அழுத்துதற்குக் கட்டையுமில்லை. விரலிடை பிறழினும் பண் கெடும்.

அவரே 1932இல் நியூயார்க்குக் கார்னகி அரங்கில் ஆடுமேடையையே கருவியாக்கிக் காட்டினார். ஆடுநர் மெய் உயர்ந்தால் ஒலி உயரும், தாழ்ந்தால் தாழும். விளைந்தது யாது? ஆடல் வல்லார்க்கு அக்கருவி எளிதிற் பணியவில்லை. பண் பிறழாது ஆடிக் காட்டியவர், வயலின் பயின்று செவி பழுத்தவரும் பின்னாளில் கிளாரா இராக்மோர் எனப் புகழ்பெற்றவருமான அம்மையாரே. மெய் ஆடினும் செவி ஆளாவிடின் இசையில்லை என்க.

1965இல் சான் கேசும் மெர்சு கன்னிங்காமும் நிகழ்த்திய ஆடலில், மேடையில் நட்ட அலைவாங்கிகளும் ஒளிமின்கலங்களும் ஆடுநர் அசைவை உணர்ந்தன. எனினும், எவ்வொலி எவ்வளவு ஒலித்தல் வேண்டும் என்னும் முடிவு இசைஞர் கையிலேயே இருந்தது. நெதர்லாந்தின் மைக்கேல் வைசுவிசு 1984இல் 'கைகள்' என்னும் கருவியை இரு கைகளிலும் பூட்டி இசைத்தார். பின்னர், கருவியை மேன்மேலும் மாற்றுதலை விடுத்து, அதனை இசைத்துப் பழகுதலிலேயே கருத்தூன்றினார். பொறி முடிந்த இடத்திலன்றோ கலை தொடங்கிற்று!

சிலம்பணிந்த கால் அசைந்தால் சிலம்பொலியே எழும், அவ்விணைப்பு இயற்கை. பொறியிலோ, எவ்வசைவுக்கு எவ்வொலி என்பதை மாந்தனே வகுத்தல் வேண்டும். அவ்வாறு வகுக்கும் நெறியே இங்கு இசையமைப்பு. அந்நெறியைப் பிறன் வகுக்க விட்டுவிட்டு ஆடுபவன் கலைஞன் அல்லன்; பிறன் இழுக்கும் கயிற்றிலாடும் பாவையே.

தமிழிளைஞர் ஊன்றி நோக்க வேண்டிய இடம் ஈதே. அணியமாய் விற்கப்பெறும் இசை மென்பொருள்கள் பல, மேலையிசையின் பன்னிரு நிகர்க்கூற்று அளவையை அடியாகக் கொண்டவை. நரம்புக்கு நரம்பு இழைந்தேறும் நம் பண்களின் அசைவு அக்கட்டத்துள் அடங்காது. அவ்வளவையை மாற்றியமைக்க வழியிருந்தும் மாற்றாது ஏற்பின், அசைவது தமிழன் கை. ஒலிப்பது அயலான் அளவை.

சிலம்பிலேயே இவையெல்லாம் அடங்கும் என மார்தட்டுதல் வறும்பெருமை. வந்த பொறியை வந்தவாறே வணங்குதல் அடிமையுள்ளம். இரண்டும் வேண்டா. பண்ணும் பயில்க, பொறியும் பயில்க, இரண்டையும் இணைக்கும் நெறியை நம் செவிகொண்டு வகுத்து, நம் மொழியில் எழுதுக. அன்றே அப்பொறி தமிழ் பேசும்.