அம்மா போட்ட முழுக்கு

அதிகாலை 4.30 மணிக்கெல்லாம் கும்பகோணத்தின் அந்தப் பழைய ஓட்டு வீட்டில் கொல்லை விளக்கு எரியத் தொடங்கிவிடும். 78 வயதான பெரியவர் கிணற்றடியில் நீராடி, சந்தியாவந்தனத்தை முடித்துக்கொண்டு, மனைவி தரும் காப்பியை ஆற அமரக் குடித்துவிட்டு நாகேசுவரன் கோயிலுக்குப் புறப்படுவார். தோளில் ஒரு துணிப்பை தொங்கும். அதில் மேலாக வில்வமும் நந்தியாவட்டையும் இருக்கும். அடியில், பழைய துண்டு ஒன்றில் சுற்றிய காமிரா இருக்கும். அஞ்சல் துறையில் 38 ஆண்டுகள் பணியாற்றி 2007-இல் ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வூதியத்தை எண்ணிப் பார்ப்பதிலும் உடல் உபாதைகளைப் பேசுவதிலும் பொழுதைக் கழிக்கும் சுபாவம் அவருக்கு இல்லை. இளமையில் பற்றிக்கொண்ட படமெடுக்கும் ஆசை இன்றும் விட்டபாடில்லை.

ஆனால் கோபுர வாசலைத் தாண்டிவிட்டால் அந்தக் காமிரா பையை விட்டு வெளியே வராது. மூலவரை அவர் ஒருநாளும் படமெடுத்ததில்லை, எடுக்க நினைத்ததுமில்லை. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி கூடாது என்று உத்தரவிட்டபோது, ஊரில் முணுமுணுத்தவர்கள் பலர். இவரோ, தீபாராதனை வேளையில் இனி முன்னால் நிற்பவரின் கைப்பேசித் திரைக்குள் சுவாமியைப் பார்க்க வேண்டியதில்லை என்று மகிழ்ந்தார். படமெடுப்பவர் ஒருவரே இப்படிச் சொன்னது சிலருக்கு வேடிக்கையாக இருந்தது.

அவருடைய படங்களெல்லாம் வீதியில் எடுத்தவை. சித்திரையில் சாரங்கபாணி பெருமாளின் தேர் திரும்பும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரின் கைகள், பல்லக்குச் சுமந்து காய்த்துப்போன தோள்கள், மடத்துத் தெருத் திண்ணையில் பூத்தொடுக்கும் மூதாட்டியின் விரல்கள் என்று அவை நீளும். எடுத்த படத்தை உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட நியமம். பல்லக்குச் சுமந்த அன்பர் ஒருவர் காலமானபோது, மாலை சாத்தி வைக்க வீட்டில் ஒரு படமும் இல்லாமல் அவருடைய மகன் இந்த ஓட்டு வீட்டுக்குத்தான் வந்து நின்றான். ஒரு மணி நேரத்தில் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார் பெரியவர். சுவாமியைத் தோளில் சுமந்தபடி அந்த மனிதர் சிரிக்கும் படம் அது.

நாகேசுவரன் கோயிலில் சித்திரை மாதம் 11, 12, 13 ஆகிய தேதிகளில் காலைச் சூரியனின் கதிர்கள் கர்ப்பகிருகத்துக்குள் புகுந்து சிவலிங்கத்தின் மேல் படும். கதிரவனே வந்து வழிபடுவதாக ஐதிகம். ஒளியையே வாழ்நாள் முழுதும் துரத்திய மனிதருக்கு அதைவிடப் பெரிய காட்சி வேறென்ன இருக்க முடியும்? அந்த மூன்று நாட்களும் காமிராவை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வெறுங்கையுடன் வரிசையில் நிற்கிறார். சோழர் காலத்துச் சிற்பிகள் அக்கோயிலின் கருவறைச் சுவரில் செதுக்கிய உருவங்களைப் பார்த்துத்தான் நிழலின் அருமையைக் கற்றதாக அவர் சொல்வதுண்டு. அந்தக் கல்முகங்களின் கன்னத்திலும் இமையிலும் காலை ஒளி எப்படி வழிகிறது என்பதை அவர் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கண்புரை அறுவை செய்துகொண்டார். கட்டுப் பிரித்த மறுநாள் தம் வேட்டியைப் பார்த்துத் திகைத்துப் போனார். அது தும்பைப் பூவாக வெளுத்திருந்தது. பழுப்பேறிவிட்டது என்று சலவைக்காரரை அவர் எத்தனையோ முறை கடிந்துகொண்ட அதே வேட்டிதான். அன்று மாலையே நேரில் சென்று அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். பழுப்பேறியிருந்தது வேட்டியன்று, தம் கண்ணின் வில்லைதான் என்பது அப்போதுதான் புரிந்தது.

முதல் காமிரா அக்ஃபா கிளிக் 3. ஒரு சுருளில் 12 படங்கள்தாம் எடுக்கலாம். ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு சுருளுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அவருடைய அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். படம் கழுவ இருட்டறை ஏது? இரவில் எல்லோரும் உறங்கிய பிறகு குளியலறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, மருந்துத் தட்டுகளைப் பலகை மேல் வரிசையாக வைத்துத் தாமே படங்களைக் கழுவி எடுப்பார். அம்மாவோ மடி ஆசாரம் மிக்கவர். “ராத்திரியெல்லாம் செகப்பு விளக்கைப் போட்டுண்டு என்னடா பூஜை இது?” என்று கேட்பார். விடிவதற்குள் ஹைப்போ வாடை துளியும் இல்லாமல் அறை முழுவதையும் கழுவித் தர வேண்டும் என்பது நிபந்தனை. கழுவித் தந்தார். அம்மா மீண்டும் ஒருமுறை கழுவிக்கொண்டுதான் நீராடுவார்.

கும்பகோணத்தில் பிறந்தவர்கள் வயதை மகாமகத்தைக் கொண்டும் கணக்கிடுவார்கள். குரு பகவான் சிம்ம ராசியில் இருக்கும் ஆண்டில், மாசி மாதத்துப் பௌர்ணமியும் மக நட்சத்திரமும் கூடும் நாளில் வருவது அது. 1980 மகாமகத்தின்போது பெரியவருக்கு 33 வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்கினார். கரையேறியதும் காமிராவை எடுத்தார். “ஈரப்புடவையோட என்னை எடுக்காதேடா” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைய 12 படங்களில் கோபுரங்கள் உண்டு, மண்டபங்கள் உண்டு, யார் யாரோ உண்டு, அம்மா இல்லை.

அடுத்த மகாமகம் 1992 பிப்ரவரி 18. அதற்குள் 35 மில்லிமீட்டர் காமிரா ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தார். குளக்கரையில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் நின்று எடுக்க இடமும் கிடைத்துவிட்டது. “நீயும் வாயேன்டா, கையைப் பிடிச்சுண்டு எறங்கலாம்” என்றார் அம்மா. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இதை விட்டால் இன்னும் 12 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று சொல்லி, மனைவியைத் துணைக்கு அனுப்பிவிட்டு மாடியேறினார் மகன்.

அன்று நிகழ்ந்ததை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெரிசலில் பலர் உயிரிழந்தனர். மாடியிலிருந்த அவருக்குக் கீழே நடப்பது முதலில் விளங்கவில்லை. செய்தி கேட்டதும் இறங்கி ஓடினார். குளத்தைச் சுற்றிலும் தேடினார். கோவிந்த தீட்சிதர் கட்டிய 16 மண்டபங்களையும் ஒவ்வொன்றாகத் தேடினார். மருத்துவமனை வாசலிலும் போய் நின்றார். அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. காமிராவை எங்கே வைத்தார் என்பதுகூட அப்போது நினைவில் இல்லை. இரண்டு நாள் கழித்து நண்பர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

இருட்டும் நேரத்தில் வீட்டுக்குத் திரும்பியபோது மாமியாரும் மருமகளும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். நெரிசல் தொடங்கும் முன்பே கரையேறி, சந்து பொந்துகளில் சுற்றி, தெரிந்தவர் வீடு ஒன்றில் தங்கிவிட்டு வந்திருந்தார்கள். மகனின் முகத்தைப் பார்த்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: “பயந்துட்டியா? ஒனக்கும் சேர்த்து ஒரு முழுக்குப் போட்டாச்சு. நீதான் மேலயே நின்னுண்டிருந்தியே.”

தீர்த்தத்துக்கு வர இயலாதவருக்காக உற்றார் ஒரு முழுக்குப் போடுவது நம்மவர் வழக்கம். நோயுற்றவர்க்கும் தொலைதேசத்தில் இருப்பவர்க்கும் அப்படிச் செய்வார்கள். கல்லெறி தூரத்தில் நின்றுகொண்டிருந்த மகனுக்காக ஒரு தாய் முழுக்குப் போட வேண்டியிருந்தது என்பதுதான் அவரை இன்றுவரை உறுத்துகிறது. அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் சற்று எளிதாக இருந்திருக்குமோ என்னவோ.

அம்மா 1999-இல் இறைவனடி சேர்ந்தார். 2004 மார்ச் 6 அன்று மகாமகத்தில் காமிராவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மனைவியுடன் இறங்கி, அம்மாவுக்காக ஒரு முழுக்குப் போட்டார் மகன். 2016-இல் விழா பத்து நாட்கள் நடந்தது. கூட்டம் குறைந்த ஒரு நாளில் அவ்வாறே செய்தார்.

ஆனால் 1992-ஆம் ஆண்டுச் சுருளில் 17-ஆவது படம் ஒன்று இருக்கிறது. மாடியிலிருந்து குளம் முழுவதும் தெரியும்படி எடுத்தது. அது எடுக்கப்பட்ட நேரத்தில் தாமும் அத்தையும் தண்ணீரில்தான் இருந்தோம் என்று மனைவி உறுதியாகச் சொல்கிறார். எந்த மண்டபத்தின் அருகே இறங்கினோம் என்பதையும் சொல்கிறார். ஆகவே அந்தப் படத்தில் அம்மா இருக்கிறார். படத்தில் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஓரிடத்தில், கடுகு போன்ற தலைகளுக்கு நடுவே, எங்கோ இருக்கிறார்.

ஒவ்வோர் ஆண்டும் அம்மாவின் சிராத்தம் முடிந்த மாலையில் பெரியவர் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியுடன் உட்காருவார். அன்று அம்மா கட்டியிருந்தது அரக்கு நிற மடிசார். கறுப்பு வெள்ளைப் படத்தில் அரக்கு என்ன, பச்சை என்ன, எல்லாம் ஒரே கருமைதான். மகன் ஸ்கேனர் வாங்கிக் கொடுத்த பிறகு நெகடிவைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரளவுக்கு மேல் பெரிதாக்கினால் தலைகள் மறைந்து, படச்சுருளில் உள்ள வெள்ளித் துகள்கள்தாம் மணல்போலத் தெரிகின்றன. அதற்கு மேல் அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை.

படங்கள் எவ்வளவோ பெரிய காரியங்களைச் செய்திருக்கின்றன என்பதை அவர் அறியாதவரல்லர். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜரும், விருத்தாசலம் கோயிலிலிருந்து களவுபோன அர்த்தநாரீசுவரரும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களில் இருப்பதை அடையாளம் காட்டியவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்துக் காத்துவைத்த படங்கள்தாம். 2014-இல் இரு மூர்த்தங்களும் நாடு திரும்பின. அந்தச் செய்தி வந்த நாளிதழ்ப் பக்கத்தைக் கத்தரித்துப் பூஜை அறைக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறார். அதன் பிறகுதான் அவர் தம்முடைய நெகடிவ்களையும் ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களுடன் தகரப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் மாதமும் திருவிழாவும் குறித்து வைத்திருக்கிறார். வீதியில் சுவாமி எழுந்தருளியபோது எடுத்த படங்களின் பிரதிகளைக் கோயில் அலுவலகங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

ஸ்வாமியை அடையாளம் காட்டுகிற படம் அம்மாவை மட்டும் காட்ட மாட்டேன் என்கிறதே என்று ஒருமுறை மனைவியிடம் சொன்னாராம். “அத்தை அன்னிக்கே முகத்தைத் திருப்பிண்டவராச்சே” என்றாராம் அவர்.

சென்ற பொங்கல் விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேரன், தாத்தாவின் தேடலைப் பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் மங்கிய முகத்தைத் தெளிவாக்கக் கணினியில் புது வழி வந்திருக்கிறது என்றான். அங்கேயே செய்தும் காட்டினான். ஒரு கடுகைத் தொட்டான். சில நொடிகளில் அது ஒரு மூதாட்டியின் முகமாக மலர்ந்தது. நெற்றிச் சுருக்கம், மூக்கு, கண்கள் எல்லாம் இருந்தன. பெரியவரின் கை நடுங்கிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இந்த மூக்கு எங்கேயிருந்துடா வந்தது? நெகடிவ்ல இல்லையே.”

“இந்த இடத்துல முகம் இருந்தா எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டரே போட்டுக்கும், தாத்தா. கொள்ளுப்பாட்டியோட கல்யாணப் படத்தைக் கொடுத்தா அதே ஜாடையிலயும் போடும்.”

அவர் சற்று யோசித்தார். மனம் ஆசைப்படாமல் இல்லை. பிறகு, “வேண்டாம்டா. அழகாத்தான் இருக்கு. ஆனா இது யாரோ. அவர் முகம் தெரியலேங்கறதுதான் நெஜம். அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லி, நெகடிவை அதன் உறையில் போட்டுத் தகரப் பெட்டியில் வைத்தார். பேரனுக்கு ஏமாற்றம்தான். அவனைச் சமாதானப்படுத்தப் பழைய அக்ஃபா காமிராவைக் கொடுத்து, 120 சுருள் இன்னும் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கச் சொன்னார். அன்று மாலை இருவரும் குளத்தைச் சுற்றி நடந்தார்கள். மண்டபத்து நிழல் தண்ணீரில் எந்த நேரத்தில் விழும், எங்கே நின்றால் சூரியன் முகத்தில் அடிக்காது என்றெல்லாம் தாத்தா காட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த மகாமகம் 2028-இல். அப்போது அவருக்கு 81 வயது நிரம்பியிருக்கும். முழங்கால் வலி இருக்கிறது; படியிறங்க முடியுமா என்பது குளக்கரைக் காசி விசுவநாதருக்குத்தான் தெரியும். அன்றிரவு சாப்பிடும்போது பேரன் கேட்டான்: “தாத்தா, 2028-ல அந்த மாடியிலேர்ந்து நான் எடுக்கட்டுமா?”

“பேஷா எடு. ஆனா மொதல்ல பாட்டி கையைப் பிடிச்சுண்டு எறங்கி முழுக்குப் போடு. அப்புறமா மாடிக்குப் போ.”

சமையலறையிலிருந்து பாட்டியின் குரல் வந்தது: “ஈரப்புடவையோட என்னை எடுக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்!”