ஒரு ஷிப்டில் குடும்பம் நடக்க வேண்டும்

திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளியிடம் வருமானம் எவ்வளவு என்று கேட்டால் மாதச் சம்பளமாகப் பதில் வராது. ஷிப்டுக் கணக்காகத்தான் வரும். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை நீண்டால் ஒன்றரை. சரக்கு கப்பலேறும் தேதி நெருங்கி வேலை நள்ளிரவைத் தாண்டினால் இரண்டு. வாரம் முழுக்கப் போட்ட ஷிப்டுகளைக் கூட்டிச் சனிக்கிழமை கூலி. சம்பளம் முக்கியமா, வேலையில் நிறைவும் வீட்டுக்கான நேரமும் முக்கியமா என்ற கேள்வியை நாம் ஐ.டி. அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் உரியதாகவே பேசிப் பழகிவிட்டோம். இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னபோதும், 90 மணி நேரம் என்று எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேசியது 2025 ஜனவரியில் வெளியானபோதும் நாடே வாதிட்டது. ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் போடும் திருப்பூர் தையல் தொழிலாளியின் வாரக் கணக்கு 72 மணி நேரம். அந்த வாதத்தில் அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் ஒரு ஷிப்ட் கூலி குடும்பம் நடத்தப் போதாத இடத்தில் அவர் சம்பளத்தையும் வாழ்க்கையையும் எடைபோட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. பற்றாக்குறையை அடைக்கத் தன் மாலை நேரத்தை விற்கிறார். ஒரு ஷிப்ட் கூலியில் வீடு நடந்தால்தான் மிச்சப் பொழுது அவருடையது ஆகும்.

'ஒன்றரை' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்றது. அரை ஷிப்டை நான்கு மணி நேரமாகக் கொள்வோம். ஆறு நாளில் 24 மணி நேரம் மிகைநேர வேலை. சட்டப்படி அது 48 மணி நேரக் கூலி, அதாவது இன்னும் ஆறு ஷிப்ட். வாரத்துக்கு மொத்தம் பன்னிரண்டு ஷிப்டுக் கூலி வர வேண்டும். 'ஒன்றரை' என்று எண்ணினால் வருவது ஒன்பது. மூன்று ஷிப்டுக் கூலி ஒவ்வொரு வாரமும் ஒரு சொல்லுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. இதற்குக் கள்ளக் கணக்கு எழுதத் தேவையில்லை, யாரையும் மிரட்டத் தேவையில்லை. 'ஒன்றரை போட்டாச்சு' என்று தொழிலாளி வாயாலேயே சொல்லும் அளவுக்கு வழக்கம் ஊறிக் கிடக்கிறது. வெளிநாட்டு பையரின் தணிக்கைக்கு உட்பட்ட பெரிய கம்பெனிகளை விட்டுவிடுவோம். அவற்றுக்குக் கீழே ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் பவர் டேபிள் கூடங்களும் சந்து சந்தாக விரிந்து கிடக்கின்றன. அங்கே இந்தக் கணக்குதான் நடைமுறை. அதே சட்டம் மிகைநேரத்துக்குக் காலாண்டுக்கு 50 மணி நேரம் என்றும் உச்சவரம்பு வைத்தது. வாரம் 24 மணி நேரம் என்றால் மூன்றாவது வாரம் தொடங்கியதுமே அந்த வரம்பு முடிந்துபோகும்.

கூலி ஒன்றுதான் தொழிலாளியின் கண்ணில் படும் என்று நினைப்பவர்கள் அவர்கள் எங்கே போகிறார்கள், எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சசெக்ஸ் பல்கலைக்கழக மானுடவியலாளர் கீர்ட் டி நெவ் திருப்பூரில் நீண்ட காலம் ஆய்வு செய்தவர். அவர் கண்டதைப் பனியன் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம், வருகைப் பதிவு, காற்றோட்டமான கூடம் என்று எல்லாம் இருக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியை வேண்டாம் என்று சொல்லி, சிறு யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குப் போகிற தையல் தொழிலாளர்கள் ஏராளம். காரணம் கேட்டால் கூலியைச் சொல்வார்கள். அதோடு சுதந்திரத்தையும் சொல்வார்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்ற இலக்கு இல்லை, முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் நிற்பதில்லை, ஊரில் நோன்பி என்றால் நான்கு நாள் போய்வரலாம், திரும்பி வந்தால் வேலை இருக்கும். இது மனநிறைவைத் தேடும் தேர்வுதான். ஏ.சி. அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் வருகிற ஆசை என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதற்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரியது. சிறு யூனிட்டில் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, ஆர்டர் இல்லாத வாரத்தில் கூலியும் இல்லை. பி.எஃப். வேண்டாம் என்று ஏன் விடுகிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. அடிப்படைக் கூலியில் 12 சதவீதம் இன்றைக்குக் கையிலிருந்து போகிறது. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்கணக்கு வேண்டும். 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியமோ மாதம் 1,000 ரூபாய். அடுத்த மாத வாடகை கண்முன் நிற்கும்போது அந்த ஆயிரத்தை நம்பி யார் காத்திருப்பார்கள்? பாதுகாப்பு ஓரிடத்தில், சுதந்திரம் இன்னோரிடத்தில் என்று பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காததால் ஏதோ ஒன்றை இழந்தபடியே அவர்கள் கம்பெனி மாறிக்கொண்டிருக்கிறார்கள். 'ஆள் பற்றாக்குறை' என்று ஆண்டு முழுவதும் போர்டு தொங்குவதற்கு இதுவும் காரணம்.

பெண்களிடம் வந்தால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு காட்டியது. அவர்களில் பெரும் பகுதியினர் நூல் மில்களிலும் ஆடைக் கம்பெனிகளிலும் இருப்பவர்கள். செக்கிங் மேசையைப் பாருங்கள். ட்யூப் லைட்டின் கீழ் நின்றபடியே ஒரு பெண் பனியனை விரிக்கிறார், உள்பக்கம் புரட்டுகிறார், தையல் ஓரத்தில் விரலை ஓட்டுகிறார், தொங்கும் நூலை டிரிம்மரால் வெட்டுகிறார், கறையோ ஓட்டையோ தெரிந்தால் சிறிய அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்குகிறார். பிறகு அடுத்த பீஸ். மாலை ஐந்தரைக்கு இந்த வேலை முடிந்தாலும் அவர் நாள் முடிவதில்லை. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்கிறது 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. ஒன்றரை ஷிப்ட் போடும் பெண்ணுக்குக் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம், வீட்டில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். மிச்சம் ஏழு. தாராபுரம், காங்கயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வந்துபோகும் நேரம், சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் அந்த ஏழு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். திருமணமான பெண்கள் கூலி குறைந்தாலும் பரவாயில்லை என்று வீட்டுக்குப் பக்கத்துச் சிறு யூனிட்டைத் தேடுவது ஏன் என்று இனியும் வியக்க வேண்டியதில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் சட்டமே சொல்லியிருந்தது. இருபது பேர் வேலை செய்யும் பவர் டேபிள் கூடத்துக்கு அது பொருந்தாது. வேலை சிறு யூனிட்டுகளாகச் சிதறச் சிதற, தாய்மார்களுக்கு இருந்த அந்தச் சின்ன உரிமையும் கைநழுவிப்போனது.

'தொழிலாளியே ஓவர்டைம் கேட்கிறார், கொடுக்காத கம்பெனியில் ஆள் நிற்பதில்லை' என்பது உடனே எழும் மறுப்பு. உண்மைதான். ஒரு ஷிப்டோடு நிறுத்தும் கம்பெனியை விட்டு ஆட்கள் போகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து லைன் வீட்டில் ஐந்தாறு பேராகத் தங்கியிருப்பவர்கள், இங்கே இருக்கும் காலத்துக்குள் முடிந்த மட்டும் சம்பாதித்து ஊருக்கு அனுப்பவே விரும்புகிறார்கள். ஆனால் ஓவர்டைம் கேட்கும் கையை மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் கையில் வாடகை, பள்ளிக் கட்டணம், குழுக் கடனின் வாரத் தவணை என்று என்னென்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு ஷிப்டில் இவை அடைபட்ட பிறகும் ஒருவர் மேலும் உழைக்க முன்வந்தால் அது அவர் விருப்பம், அதை மதிக்கலாம். அடைபடாதபோது அதை விருப்பம் என்று சொல்வது நியாயமில்லை. தவிர, உடம்புக்கு விருப்பம் தெரியாது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 55 மணிக்கே இந்த நிலை. இங்கே பேச்சு 72 மணியைப் பற்றியது.

'நாங்களும் இப்படி உழைத்துத்தான் மேலே வந்தோம்' என்று முதலாளிகள் சொல்வதை நான் பொய்யென்று ஒதுக்கமாட்டேன். புவியியலாளர் ஷரத் சாரி திருப்பூரைப் பற்றி 2004இல் எழுதிய நூலின் மையமே இதுதான்: வேளாண் குடும்பங்களிலிருந்து வந்து கம்பெனியில் தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியானவர்கள், தம் உயர்வுக்குக் காரணம் உழைப்பு என்கிறார்கள். அந்த உழைப்பால்தான் திருப்பூர் காதர்பேட்டையின் உள்ளாடை வியாபாரம் இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதியாக வளர்ந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் போட்டவருக்கு முன்னே ஒரு படி இருந்தது. நான்கு மெஷின் வாங்கி, தெரிந்தவரிடம் ஆர்டர் பிடித்து, தனியே தொடங்க முடிந்தது. இன்று கட்டிங் முதல் பேக்கிங் வரை பையரின் நிபந்தனைகளும் முதலீடும் அந்தப் படியை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டன. கடுமையாக உழைத்தால் நாளை முதலாளியாகலாம் என்று நம்ப இடமில்லாத தலைமுறையிடம், அந்த நம்பிக்கைக்கு ஈடான உழைப்பை மட்டும் கேட்பது எப்படிச் சரியாகும்? உழைப்பைக் கொண்டாடும் இந்த ஊர்தான் 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது என்பதையும் மறக்கக் கூடாது. விலைவாசிக்கு ஏற்ற கூலி உரிமை என்று இந்தத் தொழிலாளர்கள் அன்றே நிலைநாட்டினார்கள்.

கனமான மறுப்பு சந்தையைப் பற்றியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூர் திணறியது. பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள், ஆர்டர்கள் நின்றன. பிரிட்டனுடன் அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் தரும் நம்பிக்கை பெரிது என்றாலும், கம்பெனிகளின் லாபம் மெலிந்திருப்பதை மறுக்க முடியாது. இப்படிப்பட்ட நேரத்தில் கூலியையும் நேரத்தையும் பற்றிப் பேசலாமா என்கிறார்கள். இப்போதுதான் பேச வேண்டும். ஆர்டர் குவியும்போது தொழிலாளி தன் உடம்பைக் கொடுத்து அதைக் கப்பலேற்றுகிறார். ஆர்டர் விழும்போது அவருக்கு ஷிப்டே கிடைப்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் வேலை என்றால் மூன்று நாள் கூலிதான். சந்தையின் ஏற்றம், இறக்கம் இரண்டையும் தாங்குவது அவர் தோள்தான். மலிவு ஒன்றையே நம்பிப் போட்டியிட்டால் வங்கதேசத்தை வெல்ல முடியாது. அங்கே 2023 டிசம்பரிலிருந்து ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி 12,500 டாக்கா. ஐரோப்பாவில் வரிச்சலுகையும் இருக்கிறது. திருப்பூரின் பலம் வேறு. நூலில் தொடங்கிப் பேக்கிங் வரை ஒரே ஊருக்குள் முடித்துக்கொடுக்கும் வலையும், பிளாட்லாக், ஓவர்லாக் மெஷின்களில் கைதேர்ந்த தொழிலாளர்களும்தான் அந்தப் பலம். அந்தக் கைகள் நாற்பது வயதில் தளர்ந்து ஊர் திரும்பினால் தொழிலின் முதலீடே போய்விடுகிறது.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதாவை நிறைவேற்றியதும் தொழிற்சங்கங்களோடு ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாளிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். சென்னையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடி அன்றோடு நூறு ஆண்டு. அந்த முடிவை எல்லோரும் வரவேற்றோம். சட்டமாகாமல் தடுத்த அந்தப் பன்னிரண்டு மணி நேரம் பனியன் கம்பெனிகளில் வழக்கமாக அன்றும் நடந்தது, அதற்குப் பிறகும் நடக்கிறது.

பனியன் தொழிலாளர்களின் கூலி உடன்பாட்டை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பேசித்தான் முடிவு செய்கின்றன. 2021இல் நான்கு ஆண்டுகளுக்கு 32 சதவீத உயர்வு என்று கையெழுத்தானது. அந்த மரபு பெருமைக்குரியது. பல தொழில்களில் அது இல்லை. ஆனால் பேச்செல்லாம் சதவீதத்தைச் சுற்றியே நடந்து முடிகிறது. எத்தனை மணி நேரம், யார் சம்மதத்தில், எந்த விகிதத்தில் என்பவை பின்னுக்குப் போய்விடுகின்றன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், இரட்டைக் கூலி தர வேண்டும் என்கிறது. புதிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. கையெழுத்திடப்போகும் இரு தரப்பாரிடமும் வேண்டுவது இதுதான்: ஒரு ஷிப்ட் கூலி ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள், சதவீதத்தைப் பிறகு பேசுங்கள். ஐந்தரை மணிக்கு மேல் மெஷினில் உட்காரச் சொன்னால் அது தொழிலாளி ஒப்புக்கொண்டு, இரட்டைக் கூலிக்குத்தான் என்ற வரியை அடுத்த உடன்பாட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.