துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்தவர்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருவே புழுதியில் மறைந்துவிட்டது. டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கூட்டும் வண்டி வந்துபோயிருந்தது. புழுதி அடங்கிய பிறகு பார்க்கிறேன், இடப்பக்கம் ஒரு முழ அகலத்துக்கு மணல் கோடு கிழித்தாற்போல் அப்படியே கிடக்கிறது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வண்டி. இன்னும் இரண்டு வாங்கப்போகிறார்களாம். அதைத்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன். வாங்கப் பணம் உண்டு, பராமரிக்க இல்லை என்று நான் கோபப்படுவது பழைய வாசகர்களுக்குப் புதிதல்ல.

புதன்கிழமை வண்டி நிற்கும் ஷெட்டுக்கே போனேன். மெக்கானிக் டிராக்டரை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டிராக்டரிலிருந்து வரும் சுழல் தண்டைக் கழற்றினார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டத்துக்குக் கீழே மரக்கட்டை கொடுத்தார். செயினைக் கழற்றியாயிற்று. பேரிங் போல்ட்டில் ஒன்று துருப்பிடித்து அசையவில்லை. 1840களில் மான்செஸ்டரில் குதிரை இழுக்கும் தெருக்கூட்டும் எந்திரம் செய்த ஜோசப் விட்வொர்த்தான், 1841இல் போல்ட் மரைக்குப் பொது அளவு வகுத்தவரும். எது பழுதானாலும் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது.

ஒருவழியாக அந்த போல்ட்டும் கழன்று, பிரஷ் தண்டை உருவியதும் மணல் கோட்டுக்குக் காரணம் தெரிந்தது. ஒரு முனையில் நைலான் முடி ஒரு சாண், மறு முனையில் நாலு விரல். பிரஷ் கூம்பாகத் தேய்ந்திருந்தது. இடப்பக்க டயரில் காற்று குறைவு, அந்தப் பக்கமே அழுந்தி ஓடியிருக்கிறது. பேரிங் ஓரமெல்லாம் பட்டம் விட்ட நூலும் கேரி பேக்கும் சுற்றி, சீல் அறுந்து, கிரீஸ் வெளியே வழிந்திருந்தது. போதாக்குறைக்கு, ராத்திரி முழுக்க வண்டியின் பாரம் பிரஷ் மேலேயே நிற்குமாம். முடி மடங்காமல் என்ன செய்யும்?

எங்கள் தெரு கூட்டும் அக்கா டீ டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரே பக்கமா அழுத்துனா தேயத்தானே தம்பி செய்யும்? தேயறதுக்கு முன்னாடியே திருப்பிப் போட்டிருக்கணும்” என்றார். மெக்கானிக் தலையாட்டினார். பிரஷ்ஷை அவ்வப்போது முனை மாற்றிப் போட்டால் முடி ஒரே பக்கம் சாயாது, தேய்மானமும் பங்காகும்.

அக்காவின் துடைப்பத்தை வாங்கிப் பார்த்தேன். தென்னை ஈர்க்கு, நுனி எல்லாம் ஒரே மட்டம். தினமும் கால் சுற்று திருப்பிப் பிடிப்பாராம். மூங்கில் கம்போடு சேர்த்து, சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிக் கட்டியிருந்தார். கட்டு தளர்ந்தால் அடிப்பக்கத்தைக் கல்லில் நாலு தட்டு. ஈர்க்கு உதிரத் தொடங்கினால் அவிழ்த்து, புது ஈர்க்கைப் பழையதற்கு நடுவே செருகி மறுபடி கட்டு. இதெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் செய்வது.

“ஈர்க்கு யாரு குடுக்கிறாங்க?”

“நாமதான் வாங்கிக்கணும்.”

வண்டிக்குப் புது பிரஷ் வந்துவிட்டது. மெக்கானிக் அதை மண் தரையில் நின்ற இடத்திலேயே சுழலவிட்டுத் தூக்கிக் காட்டினார். கூட்டின தடம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அகலம். நல்ல வேலை, மனசு நிறைந்தது. வெள்ளிக்கிழமை தெரு நடுவே மணல் இல்லை. சாக்கடை ஓரத்துக்கும் மின்கம்பத்தடிக்கும் அந்த வண்டி எட்டாது. அங்கே அக்காதான் கூட்டினார், தன் காசில் வாங்கிய ஈர்க்கால்.