கையால் செய்ததா, கையால் ஒட்டியதா?

வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு ஸ்டாம்ப் குத்துவதைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று யாரும் கேட்க முடியாது. இருபது வருடமாக அதைத்தான் செய்து கொண்டிருக்கிறேன் :-) ஆனால் இன்றைக்குச் சொல்ல வந்தது வேறு ஸ்டாம்ப். அச்சும் மையும் வண்ணப்பொடியும் வைத்துக் கையால் வாழ்த்து அட்டை செய்கிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அதில் நானும் ஒருவன். எங்கள் கிளையில் யாராவது மாற்றலாகிப் போனாலும் ஓய்வு பெற்றாலும் அட்டை என் பொறுப்பு.

என்னைக் கேட்டால், கண்காட்சிகளில் 'ஹேண்ட்மேட் கார்டு' என்று நான் பார்ப்பவற்றில் பாதிக்கு மேல் கையால் செய்தவை அல்ல, கையால் ஒட்டியவை. அட்டை ஏற்கெனவே வெட்டி மடித்து வருகிறது. பூ ரெடிமேட். ஸ்டாம்ப் பாலிமரில் வருகிறது. அக்ரிலிக் கட்டையில் ஒட்டிக் குத்தினால் ஆயிற்று. 'ஹேப்பி பர்த்டே' கூட தயார். நம் கைக்கு மிச்சம் இருப்பது பசை தடவும் வேலை மட்டும்.

சுதேசிக் கோஷம் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டு மைப் பெட்டி என்னிடமும் இருக்கிறது. சாய மை தாளின் நாருக்குள் இறங்கும், சட்டென்று காயும், வெளிச்சம் பட்டால் மெல்ல வெளுக்கும். நிறமி மை தாளின் மேலேயே உட்காரும். காய நேரம் பிடிக்கும், ஆனால் நிலைக்கும். அந்த ஈரத்தின் மேல்தான் எம்பாஸிங் பொடி தூவிச் சூடு காட்டிப் புடைக்க வைக்க முடியும். நல்ல சரக்கு, டப்பாவுக்கு டப்பா நிறம் மாறாது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை எல்லாம் இதுதான். நான் இருப்பது ஜெய்ப்பூரில். தாள், அச்சு, வண்ணம் மூன்றும் ஒரு ஆட்டோ தூரத்தில் கிடைக்கிற ஊர். இங்கே இருக்கிறவர்களே கூரியரில் கிட் வரவழைக்கிறார்கள்.

நகரத்துக்குத் தெற்கே சாங்கானேர். காகஜி என்ற சமூகத்தார் பல தலைமுறையாகத் தாள் செய்கிற இடம். மரம் வெட்டுவதில்லை. தையல் கூடங்களில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளை நறுக்கி, கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி, காயவைத்து எடுப்பார்கள். பருத்தி நார் நீளமானது, அதனால் தாள் பத்துமுறை மடித்தாலும் சீக்கிரம் விடாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பசைக் கஞ்சி ஏறாத தாளில் மை பூத்துவிடும். வாங்கும்போது மூலையில் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு கோடாகவே நின்றால் வாங்கலாம்.

அதே சாங்கானேர் துணி அச்சுக்கும் பெயர் போனது. அச்சுக் கட்டை தேக்கிலோ ஷீஷம் மரத்திலோ செதுக்குவது. காற்று வெளியேறக் கட்டைக்குள் துளை போட்டிருப்பார்கள். செதுக்கி முடித்ததும் நாள்கணக்கில் எண்ணெயில் ஊறப் போடுவார்கள். ஒரு பூவுக்கு ஒரு கட்டை போதாது. வெளிக்கோட்டுக்கு ஒன்று (ரேக்), உள்ளே நிறம் நிரப்ப ஒன்று (தத்தா), பின்னணிக்கு ஒன்று (கத்). ஒன்றின் மேல் ஒன்று கண் அளவிலேயே பொருந்த வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினால் இதழ் கோட்டுக்கு வெளியே நிற்கும். அந்த விலகலைப் பார்த்தால்தான் ஒரு மனிதன் செய்தது என்று தெரியும்.

துணிக் கட்டையை அப்படியே தாளில் குத்தினால் திட்டுத்திட்டாக விழும், உண்மைதான். தாளுக்கு அடியில் மடித்த கம்பளி போடுங்கள். வண்ணத்தை ஸ்பாஞ்சில் மெல்லிசாக விட்டு ஒற்றுங்கள். இந்த இரண்டிலேயே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, தாளுக்கென்றே சின்னக் கட்டை செதுக்கச் சொல்லலாம். அப்படிக் கேட்டபோது செதுக்குகிற பெரியவர் ஒருவர் சிரித்தார். துணிக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் வந்த பிறகு புதுக் கட்டை கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம். நம் போன்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டை கேட்டால் அவருக்கு அது வேலை.

இந்த சாங்கானேரில்தான் குமரப்பா தேசிய கைத்தாள் நிறுவனம் இருக்கிறது. எந்தக் குமரப்பா? நம்ம தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பாதான். லண்டனில் கணக்குப் படித்த ஆடிட்டர், பிறகு அமெரிக்காவில் படித்தவர், காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர். பி.காம். படித்த எனக்கு, ஜெய்ப்பூரில் ஒரு கணக்காளர் பெயரில் தாள் நிறுவனம் என்பதில் கொஞ்சம் பெருமைதான். 1945இல் வெளியான 'எகானமி ஆஃப் பர்மனென்ஸ்' அவருடையது. ஒரு பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்பதில் வாங்குகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் கட்சி.

அந்தப் பொறுப்பைக் கணக்காகவே போட்டுப் பார்க்கிறேன். என் ஒரு அட்டைக்குத் தாள் 15 ரூபாய், உறை 5, வண்ணம் 3. 450 ரூபாய்க் கட்டையை 100 அட்டைக்குப் பிரித்தால் 4.50. ஆக 27.50. நேரம் முக்கால் மணி. மணிக்கு 100 ரூபாய் கூலி வைத்தாலும் 75. மொத்தம் 102.50. கண்காட்சியில் இப்படி ஒரு அட்டை 60 ரூபாய்க்குப் போகிறது. செலவு போக 32.50, அதாவது மணிக்கு 43 ரூபாய் சொச்சம்.

அந்த 60 ரூபாய் விலையை யார் வைத்தது? நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள்தான். எனக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வரும். பொழுதுபோக்குக்குச் செய்ததை 'போட்ட காசு வந்தால் போதும்' என்று விற்றுவிடலாம். பக்கத்து மேஜையில் இதையே பிழைப்பாக வைத்திருக்கிற பெண் என் விலையோடு போட்டி போட வேண்டும். அவருக்கு வேறு சம்பளம் கிடையாது.

இது கடன் மேஜையிலும் தெரிகிறது. முத்ராவில் சிசு பிரிவில் 50,000 வரை கேட்டு வருகிற கைவினைப் பெண்களின் திட்ட மதிப்பீட்டில் தாள் இருக்கும், மை இருக்கும், போக்குவரத்து இருக்கும். சொந்த உழைப்பு என்ற வரியில் பூஜ்யம். லாபம் என்று கீழே எழுதியிருப்பது உண்மையில் அவர் கூலி. அதிலிருந்து தவணை கட்டினால் வீட்டுக்கு என்ன போகும்? நான் அந்த வரியை நிரப்பச் சொல்லுவேன். நிரப்பினால் விலை ஏறும், விலை ஏறினால் விற்காது என்பார்கள். விற்காததற்குக் காரணம் நம் அரைவிலை அட்டைகள்.

ஆகவே பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு என் யோசனை: சும்மா கொடுங்கள், இல்லாவிட்டால் முழு விலைக்கு விற்றுவிடுங்கள். நடுவில் நிற்க வேண்டாம். அன்புக்குக் கொடுப்பது யார் பிழைப்பையும் கெடுக்காது.

சும்மா கொடுக்க நமக்குப் பொங்கல் இருக்கிறதே! ரஜினி, கமல் படம் போட்ட பொங்கல் வாழ்த்தை உறையை ஒட்டாமல் 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த தபால்தலையில் அனுப்பிய தலைமுறை நாம். வருகிற பொங்கலுக்குக் கரும்பும் பானையும் போட்ட ஒரு கட்டைக்கு இப்போதே சொல்லி வையுங்கள். செதுக்க நேரம் பிடிக்கும். பேரம் பேசாதீர்கள்.

பி.கு.: நுண்ணோவியர்களுக்கு விற்கும் பொடிக் கடைகளில் ஹிங்குலும் ஹர்தாலும் கண்ணைப் பறிக்கும். முன்னது பாதரசம், பின்னது ஆர்சனிக். வீட்டில் குழந்தைகளோடு செய்கிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். காவி, மஞ்சள் மண், சுண்ணப்பொடி, அவுரி நீலம், கூடக் கொஞ்சம் கருவேலம் பிசின் போதும். பொடி கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். கோலத்துக்குச் செம்மண் காவி இட்ட கைக்கு இதெல்லாம் புதுசா என்ன!